'57 டெல்' பிரசவ வலி: அப்படி ஓர் அலகே இல்லை

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பதிவு திரும்பவும் சுற்றுகிறது: மனித உடம்பு 45 டெல் வலியைத்தான் தாங்குமாம், பிள்ளை பெறும்போது பெண் 57 டெல் தாங்குகிறாளாம், அது 20 எலும்பு ஒரே நேரத்தில் முறிவதற்குச் சமமாம். பொய். 45தான் எல்லை என்றால் 57 எங்கிருந்து வந்தது என்று பகிர்ந்தவர்கள் யோசிக்கவில்லை போல.

டெல் என்று வலிக்கு அலகு கிடையாது. 1940களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெற்றியில் வெப்பக் கதிரைப் பாய்ச்சி 'டோல்' என்ற அளவு ஒன்றை உருவாக்கினார்கள். அதன் உச்சமே 10.5, அதுவும் நிலைக்கவில்லை. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாட்டில் '0 முதல் 10 வரை எவ்வளவு?' என்று நோயாளியிடம்தான் கேட்கிறார்கள்.

சரி, ஆண் பெண் வித்தியாசம்? இருக்கிறது, ஆனால் பதிவு சொல்கிற மாதிரி இல்லை: சூடு, அழுத்தம் வைத்துப் பார்த்த சோதனைகளில் சராசரியாகப் பெண்களுக்கே வலி சீக்கிரம் தெரிகிறது, ஒற்றைத் தலைவலியும் அவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். 2015இல் வந்த ஓர் ஆய்வில், நாட்பட்ட வலிக்கு ஆண் சுண்டெலிகளில் மைக்ரோக்லியா (மூளை, முண்ணாணில் இருக்கிற நோயெதிர்ப்புக் கலங்கள்) காரணமாக இருக்க, பெண் சுண்டெலிகளில் டி கலங்கள் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) அந்த வேலையைச் செய்வதாகத் தெரிந்தது.

'அவள் தாங்குவாள்' என்று பனடோலோடு விடுவதுதான் இதில் ஆபத்து. மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முதன்மை, ஆனால் மூச்சு முட்டல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி கூடவே வருவது அவர்களிடம் அதிகம். வாய்வு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் 1990க்கு எடுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசம்.