நைனாவின் கையும் ஜீன் ரிப்போர்ட்டும்

சனிக்கிழமை தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் நடந்தது தெருவுக்கே தெரியும், இங்கேயும் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் முழுக்கதையையும் மறுபடி எழுதப்போவதில்லை. போன் பண்ணி விசாரித்தவர்களுக்கு நன்றி. "வுடு தம்பி, இத வுட நல்ல எடமா வரும்" என்றவர்களுக்கும் நன்றி. ஆனால் விட முடியவில்லை.

"பொண்ணுக்கு ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் குடுத்துடுங்க, அப்புறம் மேற்கொண்டு பேசலாம்." கேசரி, பஜ்ஜி எல்லாம் முடித்து, கை கழுவி, காபியும் குடித்துவிட்டுச் சொன்ன வார்த்தை. சொன்னவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். படித்தவர். அதுதான் எரிச்சல். படிக்காத ஒருவர் "தோஷம்" என்றிருந்தால் பரிகாரமாவது பண்ணியிருப்போம்.

நைனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொடை மேல் இருந்த வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன, எதையோ உருட்டுவது மாதிரி. "சார் காசு எண்றாரா?" என்று முதலில் சிரித்தவரும் அதே மாமன்தான். பார்க்கின்சன், கை நடுங்க வைக்கும் மூளை நோய் என்று நான்தான் சொன்னேன். மறைக்கவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்க்கின்சனுக்கு இருப்பதிலேயே பெரிய ஆபத்துக் காரணி வயசு. ஜீன் இல்லை, வயசு. அறுபது தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. நைனாவுக்கு 61-இல் தெரிந்தது, இப்போது 67. எங்கள் தாத்தா 84 வயது வரை காசிமேட்டில் வலை பின்னியவர், விரல் ஆடியதில்லை. பெரியப்பா, அத்தைகள் யாருக்கும் இல்லை. இதை அன்றைக்கும் சொன்னேன். மாமன் மொபைலை நோண்டிக்கொண்டிருந்தார்.

மூளையின் நடுத்தண்டில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சின்ன இடம். கருப்பாக இருப்பதால் அந்தப் பெயர். அங்கே இருக்கும் செல்கள்தான் டோபமைன் என்கிற வேதிப்பொருளைச் சுரந்து, கை கால் அசைவைச் சீராக வைக்கின்றன. தோல் செல் மாதிரி இவை செத்துப் புதிதாக முளைப்பதில்லை. பிறக்கும்போது வந்ததே கடைசிவரை. ஒவ்வொரு செல்லும் லட்சக்கணக்கான இணைப்புகளுக்குத் தீனி போடவேண்டும். இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடும் போட் இஞ்சின் மாதிரி. அப்படி ஓடினால் கழிவு சேரும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதானவற்றுக்கு அடையாளம் போட்டு அப்புறப்படுத்தும் வேலை செல்லுக்குள்ளேயே நடக்கிறது. வயசாக ஆக அந்த வேலை மந்தமாகிறது. குப்பை வண்டி வாரத்துக்கு ஒருமுறை வரும் தெரு எப்படி இருக்கும் என்று வியாசர்பாடிக்காரனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆல்ஃபா சைனூக்ளின் என்கிற புரதம் அங்கே கட்டி கட்டியாகச் சேர்கிறது. செல் ஒவ்வொன்றாகச் சாகிறது. கை நடுங்குவது கண்ணுக்குத் தெரியும் நாளில் அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி ஏற்கனவே போயிருக்கும்.

அதாவது நாங்கள் பார்த்தபோது அது பழைய கதை. நைனா காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். 58 வயது இருக்கும்போது ஒருநாள், "இப்பல்லாம் ஹார்பர்ல மீன் நாத்தமே இல்லடா, சுத்தமா வெச்சிருக்கானுங்க" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். காசிமேட்டில் நாற்றம் இல்லையாம்! மோப்பம் போவது இந்த நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று என்று பின்னால் டாக்டர் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. தூக்கத்தில் கத்தி உதைக்கிறார் என்று அம்மா பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டதும் அந்த வருஷம்தான். அப்புறம் பேரேடு. பக்கத்தின் மேலே ஆரம்பிக்கும் எழுத்து கீழே வர வர எறும்பு மாதிரி சின்னதாகிவிடும். முதலாளி கண்ணாடி மாற்றச் சொன்னார். மாற்றினோம். இரண்டு முறை.

இப்போது சில பேர் வருவீர்கள். "அப்ப ஜீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்றியா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. இருக்கிறது. 1997-இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் ஆல்ஃபா சைனூக்ளின் ஜீனிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷம் ஜப்பானில் பார்க்கின் என்ற ஜீன். அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் அது வேலையைக் காட்டும், அதுவும் பெரும்பாலும் இளவயதிலேயே. எல்.ஆர்.ஆர்.கே.2 என்று ஒன்று. ஜி.பி.ஏ. என்று ஒன்று; அதில் ஒரு பழுதான பிரதி இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை பார்க்கின்சன் வருவதே இல்லை. நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோரிடம் "இந்த ஒரு ஜீன்தான்" என்று கைகாட்ட எதுவும் கிடையாது. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு 27 வயதுப் பெண்ணை லேபில் நிறுத்தி ரத்தம் எடுத்து, "பாஸ், ஃபெயில்" போடச் சொல்கிறீர்கள். ஃபெயில் வந்தாலும் நோய் வராமல் போகலாம், பாஸ் வந்தாலும் வயசு வரத்தான் போகிறது.

"கட்டிக்கப் போறவனுக்குத் தெரிஞ்சிக்க உரிமை இல்லையா?" ஆகா, தாராளமாக. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சுகர், பெரியப்பாவுக்கு பைபாஸ். பேச்சுவாக்கில் அவர்களே சொன்னதுதான். அதற்கு நாங்கள் ரிப்போர்ட் கேட்டோமா? சுகர் என்றால் கௌரவம், கை நடுங்கினால் பரம்பரைக் குற்றம். நல்ல நியாயம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. எங்கள் பக்கம் ஒருவர் கை நடுங்கினால் அடுத்த கேள்வி குடி. பஸ்ஸில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும். பில் கவுண்டரில் சில்லறை எடுக்க நேரமானதற்கு "காலைலயே ஏத்திக்கினு வந்துடுது பெருசு" என்று ஒரு பையன் சொன்னான். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன் நைனா. சிரித்துக்கொண்டே சில்லறையைப் பொறுக்கினார். முகத்துச் சிரிப்பும் இப்போதெல்லாம் சரியாக வருவதில்லை, தசை இறுகிவிட்டது. அதனால் முறைக்கிறார் என்று வேறு பெயர்.

முகமது அலி 1980-இல் மெட்ராஸ் வந்தபோது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பார்த்தவர் நைனா. பாக்ஸிங் பேசாத வீடு ராயபுரத்தில் ஏது? நாலு வருஷம் கழித்து, 42 வயதில், அலிக்கு இதே நோய் என்று சொன்னார்கள். அலியின் கை நடுங்கியபோது உலகம் எழுந்து நின்று கைதட்டியது. எங்க நைனா கை நடுங்கினால் ரிப்போர்ட்.

வயசு, வயசு என்று இவ்வளவு நேரம் கத்தினேன். இப்போது தோன்றுகிறது, ஜீனாகவே இருந்தால்தான் என்ன? அவர் கடைக்குப் போயா வாங்கி வந்தார்? எனக்கும் அதே ரத்தம்தானே. ராத்திரி எல்லோரும் தூங்கினபின் என் கையை லைட்டுக்கு நேரே நீட்டிப் பார்க்கிறேன். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். இதை வீட்டில் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்வதற்குள். சனிக்கிழமை காலையில் நானும் நைனாவிடம், "அவங்க வரும்போது நீ உள் ரூம்ல இருக்கியா?" என்று கேட்டேன். தங்கச்சிதான் கோபப்பட்டு அவரைக் கூடத்தில் உட்கார வைத்தாள். அதனால் மாமனை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் திட்டுகிறேன்.

நைனா கேரம் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? சும்மா இருக்கும் கைதான் ஆடும். ஸ்ட்ரைக்கர் மேல் விரல் வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும். இந்த நோயில் அப்படித்தான், வேலை கொடுத்தால் நடுக்கம் குறையும். மீன் குழம்புக்கு அரைமணி நேரம் முன்னாடியே அம்மா மாத்திரையைக் கொடுத்துவிடுவாள், புரதம் கூடச் சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது என்பதால். சாப்பிட்டதும் போர்டு. தெருப் பசங்க நாலு பேர் சுற்றி நிற்பார்கள். ரெட்டும் ஃபாலோவும் ஒரே மூச்சில் போடுவார்.

சனிக்கிழமையிலிருந்து வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். நேற்று சாயந்திரம் போர்டை இறக்கி, பவுடர் தூவி, காய் அடுக்கிக் கூப்பிட்டேன். "வேணாம்டா, தங்கச்சி தூங்கட்டும், சத்தம் கேக்கும்" என்றார்.

மணி ஏழுதான் ஆகியிருந்தது. தங்கச்சி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.