பார்டர் சுகரைக் கண்டுபிடித்த பிறகு?

சுகர் டெஸ்ட் முகாம்களில் பார்த்திருப்பீர்கள். விரலில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு. "பார்டர்ல இருக்குண்ணே, இனிப்பைக் குறைச்சுக்கங்க." சர்க்கரை இயல்பைவிடக் கூடிவிட்டது, ஆனால் இன்னும் நோய் அளவுக்குப் போகவில்லை என்று அர்த்தம். அடுத்த டோக்கன்! அண்ணனும் வெளியே வந்து, கொடுத்த பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

எடை கூடின எல்லோருக்கும் சுகர் பார்த்துவிட்டால் போதும், பின்னால் வரும் செலவெல்லாம் மிச்சம் என்கிறார்கள். பாதிதான் உண்மை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பார்டரில் இருந்த 531 பேர், மூன்று வருடம். சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடை, சாப்பாடு என்று வழிகாட்டப்பட்டவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாக இறங்கவில்லை!

செலவுக் கணக்கையும் 2007இல் வெளியிட்டார்கள். பார்டரில் இருக்கும் ஒருவரைக் கண்டுபிடிக்க 5,278 ரூபாய். ஒரு டெஸ்டுக்கு இவ்வளவா என்றால், இல்லை. ஒருவர் சிக்குவதற்குப் பல பேரைச் சோதிக்க வேண்டும். அதுவும் ரேண்டமாக ஒரு குத்து போதாது. வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். கூலி வேலைக்காரருக்கு அரைநாள் சம்பளம் போச்சு. மூன்று வருட வழிகாட்டலுக்கு ஆளுக்கு 10,136 ரூபாய். மாதாமாதம் ஒரு போன், ஆறு மாதத்துக்கொரு சந்திப்பு, அவ்வளவுதான். பலன் வந்தது இதில்தான். கண்டுபிடித்துவிட்டு அப்படியே அனுப்பினால் அந்த ஐந்தாயிரமும் தண்டம்.

சரி, கண்டுபிடிக்கும் செலவையாவது குறைக்கலாமே? அமெரிக்காவில் 35 முதல் 70 வயதுவரை, எடை அதிகமுள்ளவர்களைச் சோதிக்கச் சொல்கிறார்கள். நம் ஆட்களுக்கு எடை மிஷின் மட்டும் போதாது. கை கால் குச்சி மாதிரி, தொப்பை மட்டும் சட்டைப் பட்டனைத் தள்ளும். டாக்டர் வி. மோகன் குழுவின் மதிப்பெண் முறை இருக்கிறது: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். ஒரு இஞ்ச் டேப் போதும். அதில் ஆபத்து அதிகம் என்று வருபவர்களுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை செய்யலாம். மிச்சமாகும் பணத்தில் போன் செய்ய ஆள் போடுங்கள்.

முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பேனரில் போடுகிறார்கள். பார்டர் என்று சொல்லி அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த மாதம் போன் போனது என்பதையும் சேர்த்துப் போடட்டும்.