அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர்களுக்கு

போன வாரம் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அப்பா அம்மாவுக்கு அப்பறம் அண்ணனை நீதானே பாத்துக்கணும்?" கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் பதிலுக்கு நிற்காமல் பாக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை முதலில் கேட்டபோது எனக்கு 6 வயது. இப்போது 32. நடுவில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். ஆட்டிசம்: பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் பிறவியிலேயே வேறு மாதிரி அமைகிற நிலை. தொண்ணூறுகளில் மதுரையில் எங்கள் தெருவுக்கு அந்தச் சொல் வந்து சேரவில்லை. "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்றார்கள். திருச்செந்தூரில் மொட்டை போட்டோம். அம்மா மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று அத்தை தீர்ப்பே எழுதிவிட்டார். அத்தையை மட்டும் சொல்லி என்ன? 1950, 60களில் மேல்நாட்டில் பெரிய பெரிய டாக்டர்களே, தாய்க்குப் பாசம் போதாததால் வருகிற கோளாறு இது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊராக இருந்தாலும் கடைசியில் அம்மா தலையில்தான் விடிகிறது.

அப்போது ஜங்ஷன் பக்கத்தில் குடியிருந்தோம். மொட்டை மாடியில் நின்றால் ரயில் அறிவிப்பு கேட்கும். அண்ணன் பேசிய முதல் முழு வாக்கியமே "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பதுதான். அதே ராகம், அதே இழுவை. விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கும்போது பத்து தடவை சொல்வான். எனக்கு மானம் போகும். ஒரு முறை தோழிகள் முன்னால் அவன் வாயைப் பொத்தியிருக்கிறேன், பலமாக.

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு சிறப்பாசிரியை வீட்டுக்கு வந்தார். "எப்பெல்லாம் சொல்றான்னு ஒரு வாரம் எழுதிவைம்மா" என்றார். எழுதினேன். கரண்ட் போய் ஃபேன் நின்றபோது. புதுச் சட்டையின் காலர் லேபிள் குத்தியபோது. வயிறு வலித்தபோது. குக்கர் விசில் வரப்போகிறது என்று தெரிந்தபோது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உங்களைக் கூப்பிடறான்."

எதிரொலிப் பேச்சு என்று இதற்குப் பெயரெல்லாம் இருக்கிறதாம். சொந்தமாக வாக்கியம் கட்ட வராதபோது, கேட்ட வாக்கியத்தையே எடுத்துப் புழங்குவது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிற ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறான் அவன். நாங்கள் வருஷக்கணக்கில் "சும்மா இருடா" என்று அதட்டியிருக்கிறோம்.

சினிமா பார்த்துவிட்டு வந்து, "இவங்களுக்கு ஏதாச்சும் ஸ்பெஷல் திறமை இருக்குமே?" என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. தேதி சொன்னால் கிழமை சொல்ல மாட்டான், பியானோ வாசிக்க மாட்டான். சின்ன வெங்காயம் உரிப்பான். நன்றாக உரிப்பான்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். முதல் முறை என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காலையிலேயே அண்ணனைத் திருமங்கலத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அவனுடைய எவர்சில்வர் டம்ளர், கொடியில் கிடந்த சட்டை எல்லாம் உள்ளே போயின. "ஒரே பொண்ணு" என்றார் அப்பா. மல்லிகைப் பூவோடு காபித் தட்டை ஏந்திக்கொண்டு நானும் வாயைத் திறக்காமல் நின்றேன். ஜாதகம் பொருந்தவில்லை, அந்த இடம் தட்டிப்போனது. ஆனால் அன்றைக்குச் "சொல்லிடாதீங்க, பொண்ணு வாழ்க்கை" என்று யோசனை சொன்னவர்களும், இன்றைக்கு "நீதான் பாத்துக்கணும்" என்பவர்களும் ஒரே ஆட்கள். ஒளித்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாமே சுலபம்.

அடுத்த வரன் வந்தபோது மாப்பிள்ளையிடம் நானே போன் செய்து சொல்லிவிட்டேன். கட்டிக்கொண்டார். உடனே அவரைத் தியாகி ஆக்கிவிடாதீர்கள். மச்சானோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார், அவ்வளவுதான்.

போன வருஷம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்சூரன்ஸ் பேப்பர் தேடி பீரோவைத் திறந்தபோதுதான் அண்ணனின் ஃபைலையே முதல் முறையாகப் பார்த்தேன். சான்றிதழில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை, "மனவளர்ச்சி குன்றியவர்" என்று இருந்தது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டம்தான் 21 வகைகளாக்கி அதைச் சேர்த்தது. புதிதாக வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி: 18 முடிந்துவிட்டால் பெற்ற அப்பாகூடச் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டார். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கிற குழுவுக்கு விண்ணப்பித்து உத்தரவு வாங்க வேண்டும். உறவினரும் விண்ணப்பிக்கலாம். அண்ணனுக்கு 37 வயது. நாங்கள் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. அப்பா 2003-க்கு முன்பே வேலைக்குச் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வருகிற அரசுப் பள்ளி வாத்தியார். அவருக்குப் பின் அம்மாவுக்கும், அம்மாவுக்குப் பின் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதற்கான பதிவை உயிரோடு இருக்கும்போதே செய்துவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம். ஆஸ்பத்திரி வராண்டாவில் இதைக் கேட்டபோது அப்பா, "உன்னை எதுக்கு இதுல இழுக்கணும்னு இருந்தேன்மா" என்றார். 26 வருஷமாக இழுத்துவிட்டுத்தானே இருக்கிறீர்கள் என்று நாக்கு வரை வந்தது. ட்ரிப்ஸ் ஏறிய கையைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

இந்த மாதிரிப் பிள்ளையை வைத்திருக்கும் அம்மா அப்பாக்களே, கூடப் பிறந்த இன்னொரு பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த பீரோவைத் திறந்து காட்டுங்கள். எவ்வளவு பணம் இருக்கிறது, எந்த மாத்திரை, எந்தக் கையெழுத்து எல்லாவற்றையும். அப்படியே, "உனக்குச் சம்மதமா?" என்றும் ஒரு தடவை கேளுங்கள். நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். முடியாது என்று சொல்லும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களைக் கல் நெஞ்சு என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நல்ல இல்லம் தேடவாவது நாள் கிடைக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குழம்பு சோற்றைத் தொடக் கூடாது, தனிக் கிண்ணம். விசில் வருவதற்கு முன்னால் "வரப்போகுது" என்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே சித்தி வீடு. நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. போன ஞாயிறு நகம் வெட்டுவதற்கு வந்தோம்.

"சுண்டு விரல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கட்டை விரல்ல வச்சா கையை உருவிக்கிட்டு ஓடிருவான்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. ஏன்மா அப்படி என்று கேட்டேன்.

"தெரியலடி. அவனும் சொன்னதில்ல. நாலு தடவை ஓட விட்டுக் கத்துக்கிட்டேன்."