மேடையை விட்டு இறங்கிய சாம்பியன்

பிரெஞ்சு பயத்லான் வீரர் மார்ட்டின் ஃபூர்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பதக்கக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ந்து 7 பருவங்கள் உலகக் கோப்பை ஒட்டுமொத்தச் சாம்பியன், 13 உலகச் சாம்பியன்ஷிப் தங்கம், 6 ஒலிம்பிக் தங்கம். ஆனால் என் கண்ணில் அவர் உயர்ந்து நிற்பது, 2017 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஹோக்ஃபில்சனில் பரிசு மேடையை விட்டு இறங்கிய நாளில்தான்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். குறைந்தது மூன்றரை கிலோ எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்து பனியில் சறுக்கி ஓட வேண்டும். மூச்சிரைக்க வந்து நின்று, 50 மீட்டர் தொலைவில் இருக்கும் 5 வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுட்டால் குறியின் அகலம் 45 மில்லிமீட்டர், நின்று சுட்டால் 115. ஒரு குண்டு தவறினால் பெரும்பாலான போட்டிகளில் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. இதில் ஊக்கமருந்து எடுப்பவனுக்கு ஆதாயம் இரட்டிப்பு. ஓட்டத்தில் வேகம் கூடும். சுடும் இடத்துக்குக் களைப்புக் குறைந்தவனாக வந்து சேருவான். நேர்மையாக ஓடுகிறவன் எதை இழக்கிறான் என்பது இதைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும்.

ஃபூர்காட் 1988இல் பிரனீஸ் மலைப் பகுதியின் செரே என்ற ஊரில் பிறந்தவர். அண்ணன் சிமோனைப் பின்பற்றி இந்த விளையாட்டுக்கு வந்தவர். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில், 21 வயதில், விஸ்லரில் நடந்த 15 கி.மீ. கூட்டுத் தொடக்கப் போட்டியில் 3 குண்டுகள் தவறியும் வெள்ளி வென்றார். ரஷ்யாவின் எவ்கேனி உஸ்தியுகோவ் ஒரு குண்டுகூடத் தவறாமல், சுமார் 10 விநாடி முன்னால் வந்து தங்கம் வாங்கினார்.

பிறகு வந்தது ஃபூர்காட்டின் காலம். 2014 சோச்சியில் 2 தங்கம். அங்கே கூட்டுத் தொடக்கப் போட்டியில் நார்வேயின் ஸ்வென்ட்சனிடம், முடிவுக்கோட்டுப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடிந்த வித்தியாசத்தில் தோற்றார். 2018 பியோங்சாங்கில் அதே போட்டியில் ஜெர்மனியின் ஷெம்ப்பை, அதேபோலப் புகைப்படத்தில்தான் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் மட்டும் 3 தங்கம்.

இடையில்தான் ஹோக்ஃபில்சன். ரஷ்யாவில் அரசின் துணையோடு ஊக்கமருந்துப் பயன்பாடு நடந்ததாகக் கூறிய மெக்லாரன் அறிக்கை அப்போது வெளிவந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பயத்லான் வீரர்கள் கடுமையான தண்டனை கேட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். ஊக்கமருந்துத் தடைக்காலம் முடிந்து திரும்பிய லோகினோவ் ரஷ்ய அணியில் ஓடினார். ஃபூர்காட் அதை வெளிப்படையாகவே கண்டித்திருந்தார். கலப்புத் தொடர் ஓட்டத்தில் வீரர் மாறும் இடத்தில் ஃபூர்காட்டின் சறுக்குப் பலகை லோகினோவின் பலகைமேல் ஏறியது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ரஷ்ய அணியினரும் மேடையேறிய பரிசளிப்பில் கசப்பு முற்றியபோது மேடையை விட்டு இறங்கினாரே, அது முழுக்கச் சரி. உலகத்தின் முதல் நிலை வீரர் அவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. வேலி காக்க வேண்டியவர்கள் உறங்கியதால், ஓட வேண்டியவர் காவலுக்கும் நிற்க நேர்ந்தது.

அவர் திமிர் பிடித்தவர் என்று அப்போது எத்தனை பேர் பேசினார்கள்! அடுத்த ஆண்டு ஏப்ரலில் சால்ஸ்பர்க்கில் உள்ள சர்வதேச பயத்லான் சங்கத் தலைமையகத்திலேயே, ரஷ்ய ஊக்கமருந்து விவகாரத்தை மூடிமறைத்ததாக எழுந்த புகாரில், காவல்துறை சோதனை நடந்தது. கால் நூற்றாண்டு தலைவராக இருந்த பெஸ்ஸெபெர்க் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார்.

2020 மார்ச்சில், பின்லாந்தின் கோன்டியோலாக்தியில், தொற்றுக்காலத்தின் ஆளில்லா அரங்கில், தன் கடைசிப் பந்தயத்தை வென்று 31 வயதில் விடைபெற்றார். ஒட்டுமொத்தப் பட்டத்தை நார்வேயின் யோஹானஸ் போவிடம் 2 புள்ளிகளில் இழந்தார். குழந்தை பிறப்புக்காக ஜனவரியில் சில பந்தயங்களை விட்டுவிட்டும் போ முந்தினார் என்பதால், அந்தத் தோல்வியைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. சமமான களத்தில் தோற்றால் தோல்விதான்.

விஸ்லர் அப்படிப்பட்டதல்ல. உஸ்தியுகோவின் இரத்தப் பதிவேட்டில் (ஒரு வீரரின் இரத்தப் பரிசோதனை அளவுகளைத் தொடர்ந்து பதிந்துவைக்கும் ஆவணம்) கண்ட முரண்பாடுகளை வைத்து அவருடைய முடிவுகள் ரத்து செய்யப்பட்டன. அவர் கடைசிவரை குற்றத்தை மறுத்தார். 2024இல் விளையாட்டு நடுவர் மன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 2010இன் தங்கம் ஃபூர்காட்டுக்கு என்று 2025இல்தான் உறுதியானது. 15 ஆண்டுகள்!

அதைவிட என்னை வருத்துவது மற்ற இருவரின் கதை. ஃபூர்காட்டுக்கு அந்தத் தங்கம் இல்லாமலும் 5 இருந்தன. அன்று வெண்கலம் வாங்கிய ஸ்லோவாக்கியாவின் பாவோல் ஹுராய்ட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்தது அந்த ஒரு பதக்கம்தான். அது வெள்ளியாக இருந்திருக்க வேண்டும். நான்காவதாக வந்த ஆஸ்திரியாவின் கிறிஸ்டோஃப் சுமான் அன்று மேடையிலேயே ஏறவில்லை. பதிவேட்டில் ஐயம் எழுந்தால் அடுத்த ஒலிம்பிக்குக்குள் தீர்ப்பு வர வேண்டும் என்று ஒலிம்பிக் கமிட்டி விதி வகுக்கட்டும். வர முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை ஹுராய்ட்டிடமும் சுமானிடமும் நேரில் போய்ச் சொல்லட்டும்.