சமூகப்பணியில் பிஎச்.டி.: அஞ்சல் வழியில் முடியுமா?

"எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவர்கள் அஞ்சல் வழியிலேயே ஒன்றரை வருடத்தில் பிஎச்.டி. வாங்கலாம், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் உண்டு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது பொய். நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறைப்படி தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்தவே கூடாது. படிப்புக்காலம் குறைந்தது 3 வருடம். அதை ஒன்றரை வருடமாகச் சுருக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பகுதி நேர பிஎச்.டி.க்கு அனுமதி உண்டு. குழந்தைகள் இல்லத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் பகுதி நேரம் வேறு, அஞ்சல் வழி வேறு. பகுதி நேரத்துக்கும் நுழைவுத் தேர்வோ நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணோ, நேர்காணல், கோர்ஸ் ஒர்க் (ஆய்வு மாணவர் முடிக்க வேண்டிய பாடங்கள்) எல்லாம் உண்டு. வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். அதில், பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காக வேலையிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், "முதலில் எம்.ஃபில். (பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பட்டம்) சேருங்கள்" என்கிறது அதே வாட்ஸ்அப் செய்தி. புதிதாக எம்.ஃபில். நடத்துவதையும் அதே விதிமுறை நிறுத்திவிட்டது. முன்பே வாங்கிய பட்டம் செல்லும்.