சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

"சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் கிட்னி போய்விடும், இன்றே நிறுத்துங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பவை கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை ஏறியே கிடந்தால் அந்தச் சல்லடை தளர்ந்து, ரத்தத்தில் நிற்க வேண்டிய அல்புமின் புரதம் சிறுநீரில் ஒழுகும். அப்போது வலி எதுவும் தெரியாது. சிறுநீரில் நுரை, கால் வீக்கம் எல்லாம் பெரும்பாலும் அப்புறம்தான்.

சரி, இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதனால் ஈஜிஎஃப்ஆர் எனப்படும் வடிகட்டும் திறன் 45க்குக் கீழே போனால் மருத்துவர் பொதுவாக அளவைக் குறைப்பார், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கான முன்னெச்சரிக்கை அது. சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசினை இன்று சிறுநீரகத்தைக் காக்கவே கொடுக்கிறார்கள்!

சீட்டு இல்லாமல் வாங்கித் தினமும் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளுக்குத்தான் பயப்பட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரில் அல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள்.