சித்தப்பா வழங்கிய சென்சார் சர்டிஃபிகேட்

ஹாலிவுட் இசைப் படமான 'லா லா லேண்ட்' குடும்பத்தோடு பார்க்கிற படம் இல்லையாம். சித்தப்பா சொந்தக்கார வாட்ஸப் குழுவில் அறிவித்துவிட்டார். கூடவே, "இவன் பேச்சைக் கேட்டு வயசுப் பிள்ளையைப் பக்கத்துல வச்சுப் பார்த்தோம்" என்று எனக்கு ஒரு குட்டு.

அப்படி என்ன இருக்கிறது அதில்? வெட்டா, குத்தா? அமெரிக்காவில் பிஜி-13 (பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனம் தேவை) சான்றிதழ் கொடுத்ததே கொஞ்சம் கெட்ட வார்த்தைகளுக்காக. பின்னாலிருந்து விடாமல் ஹார்ன் அடிப்பவனுக்கு நாயகி நடுவிரலைக் காட்டுவாள். எட்டாவது படிக்கும் தங்கச்சி அதற்குச் சிரித்துவிட்டுப் பேசாமல் படம் பார்த்தாள். பேசியது முழுக்க அவள் அப்பா.

லாஸ் ஏஞ்சலஸ் மேம்பாலத்தில் கார் மேல் ஏறி ஆடுகிறார்கள். "ஏம்பா, டிராஃபிக்ல நின்னா யாராவது ஆடுவாங்களா?" கேட்டவர் யார்? கண்ணடித்த மறுநொடி காதலர்கள் சுவிட்சர்லாந்துப் பனியில் உருள்வதை ஆயுசு முழுக்க மறுபேச்சில்லாமல் பார்த்தவர்!

அதையும் விடுங்கள். 'ஐந்து வருடங்களுக்குப் பிறகு' என்று போடும்போது ஐயா போனில் இருந்தார். காதலனைப் பிரிந்துவிட்ட நாயகி எம்மா ஸ்டோன் வேறொருவரோடு கிளப்புக்கு வந்து உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை. அங்கே பழைய காதலன் ரயன் காஸ்லிங் பியானோ வாசிக்க, சேர்ந்து வாழ்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை ஓடுகிறது. அப்போதுதான் நிமிர்ந்தார். முத்தம், பாரிஸ், குழந்தை. "அப்பாடா, சேர்ந்துட்டாங்க" என்று மறுபடி போனுக்குள் போய்விட்டார். வாசிப்பு நின்றது. நிமிர்ந்தார்.

"யார்றா இந்தாளு? பியானோக்காரன் எங்கே?"

"இவர்தான் அவளோட புருஷன், சித்தப்பா."

"அப்போ அந்தக் குழந்தை?"

"அது கற்பனை. நிஜக் குழந்தை வீட்ல இருக்கு."

"ரெண்டு குழந்தையா?"

ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டினார். சரி, இப்போதாவது பார்ப்பார் என்று நினைத்தேன். சரியாக அந்த 'ஐந்து வருடங்கள்' வரும்போது போன் அடித்தது. பேசி முடித்துத் திரும்பினால் மறுபடி பாரிஸ். "நான்தான் சொன்னேன்ல, சேர்ந்துட்டாங்க!"

அப்புறம் அந்தக் கடைசிப் பார்வை. இரண்டு பேர் ஒரு சின்னப் புன்னகையில் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைக்கிறது. பக்கத்திலிருந்து குரல்: "கட்டின புருஷன் கூட இருக்கும்போது எவனைப் பார்த்து சிரிக்கிறா? இதைத்தான் பிள்ளைங்க பார்க்கணுமா?"

படத்தைத் திட்ட நியாயமான காரணங்களே இருக்கின்றன. இரண்டு பேருக்கும் குரல் அத்தனை கனமில்லை. கறுப்பினத்தவர் உருவாக்கிய ஜாஸ் இசையை வெள்ளைக்கார நாயகன் காப்பாற்றக் கிளம்புகிறான் என்று விமர்சகர்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். அதைச் சொன்னால் உட்கார்ந்து பேசலாம். இவருக்குப் புன்னகை ஆபாசம்.

"இதுக்கா சிறந்த படம்னு ஆஸ்கர் குடுத்தான்?" என்று வேறு கேட்டார். கொடுக்கவில்லை சித்தப்பா, 2017-இல் மேடையில் தவறாக அறிவித்து, நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரும்ப வாங்கி 'மூன்லைட்' படத்துக்குக் கொடுத்தார்கள் என்றேன். "பார்த்தியா, அவனுக்கே பொறுக்கல!"

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? சிரித்துவிட்டேன்.

ஆனால் கிளம்பும்போது என் சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு போனாரே, அதை எந்தக் குழுவில் போடுவது? கேட்டால், "எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு" என்கிறார்.